கேமராவில் வைத்த சந்தனப் பொட்டு

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு டயர் தேய்வதற்கு முன்னால் கழுத்து தேய்ந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பத்து வருஷம் கழித்து யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது, உடம்போடு சேர்ந்து திரும்புவீர்கள். அப்போது என் ஞாபகம் வரும். நம் வண்டியில் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் ஓட்டம். நூல் பெட்டிகளை இரண்டடுக்காகத் தூக்கினால் முன்னால் ஒன்றும் தெரியாது, அதனால் பின்பக்கம் பார்த்து ஓட்ட வேண்டும் என்பது விதி. விதி சரிதான். அதை எழுதியவர் ஒரு ஷிப்ட் முழுக்கத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

கருமத்தம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த நூல் குடோனில் நான் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். முதலில் டிரைவர், பிறகு டிரைவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர், கடைசி மூன்று வருஷம் மறுபடியும் டிரைவர். ஏன் மேலே ஏறியவன் கீழே இறங்கினான் என்று உங்களில் ஒருவர் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை டன் தூக்கலாம், எந்த லீவரை எப்போது இழுக்கலாம் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியாளர் சொல்லித்தருவார். நான் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய டிரைவர். பெயர் வேண்டாம், பெயர் சொல்லிப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. நான் சேர்ந்த முதல் வாரம், சித்திரை வெயில். லாரியிலிருந்து இறக்கிய சரக்கைத் தூக்கிக்கொண்டு, முற்றத்து வெயிலிலிருந்து குடோன் இருட்டுக்குள் பின்பக்கமாக ஒரே போக்கில் நுழைந்தேன். கண் இருட்டிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் இடித்துச் சரித்துவிட்டேன். சரியான வசவு விழும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் வண்டியை அணைக்கச் சொன்னார். என்னோடு சேர்ந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசிப் பெட்டியை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, தெரியலைன்னா வண்டி நிக்கோணும். தெரிஞ்ச பொறவு எடுத்தாப் போதும். லாரிக்காரன் காத்துக்கிட்டு இருப்பான்."

அன்றிலிருந்து வாசற்படியில் வண்டியை நிறுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி, கண் பழகிய பிறகுதான் உள்ளே போவேன். சூப்பர்வைசர் ஆன பிறகு எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். சொல்லும்போது நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு தோரணை வேறு. அந்தப் பாடத்தை ஒரு நாள் நானே ஒருவரை மீற வைத்தேன்.

அந்த வருஷம்தான் எங்கள் நான்கு வண்டிகளுக்கும் பின்னால் கேமரா வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. டிரைவர்கள் அதற்கு டிவி என்று பெயர் வைத்தார்கள். எல்லோரையும் விட மருதாசலத்துக்குத்தான் அதில் சந்தோஷம். மருதாசலம் சோமனூர்க்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், நான் சிபாரிசு செய்து வேலைக்கு வந்தவர். அவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. வலது பக்கம் திரும்பினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் இடது தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பார், வலது பக்கத்துக்கு டிவியை நம்புவார். இது குடோனில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்தில் அதை எப்படிக் கொண்டாடுவோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தறி, லேத், தராசு, கம்ப்யூட்டர், தண்ணீர் இழுக்கும் மோட்டார் வரைக்கும் பொட்டு வைப்போம். வண்டிகளைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கம்பிக் கூண்டின் தூண்களில் வாழைக்கன்று கட்டினார்கள். சந்தனக் கிண்ணம் என் கையில். பொட்டு வைக்கிற உரிமையை மேலாளர் வருஷா வருஷம் எனக்குத்தான் கொடுப்பார், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. ஹாரனுக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கும் ஒவ்வொன்று. பிறகு பின்னால் போனேன். கறுப்பாக, வட்டமாக, பளபளவென்று கேமரா. எனக்கு அதுதான் வண்டியின் நெற்றி என்று பட்டது. கட்டைவிரலால் சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். நான்கு வண்டிக்கும் அப்படியே. சுற்றி அத்தனை பேர் கைகட்டி நின்றார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கடுத்த நாள் காலையில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி வண்டிகளை எடுத்தோம். தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர்கள் மூன்று வாசலில் நின்றன. நான் கையில் தாளோடு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். மருதாசலம் வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணா, டிவியில ஒண்ணும் தெரியலீங்க. மஞ்சளா மசமசன்னு இருக்குது. பொட்டைத் துடைச்சுப்போடட்டுங்களா?"

"பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது சாமி. ரெண்டு நாள்ல காஞ்சு தானா உதுந்துரும். பார்த்து ஓட்டுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூன்று டிரைவர்களும் யாரிடமும் கேட்காமல் அவரவர் கேமராவைத் துடைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மரியாதை கருதிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். கேட்டவருக்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

காலை பத்து மணி இருக்கும். குடோனைக் கூட்டுகிற ராஜாமணி, பூசணித் துண்டுகளையும் உதிர்ந்த செவ்வந்தியையும் தகர முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். சென்னிமலைப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். பதினோரு வருஷமாக எங்களோடு இருந்தார். என்னை விட இளையவர் என்பதால் நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். மருதாசலத்தின் வண்டி சரக்கோடு நின்றது. அதன் பின்னால், வலது மூலையில், ராஜாமணி கூட்டிக்கொண்டிருந்தார்.

மருதாசலம் இடது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வலது தூணில் வாழை இலை தொங்கிக்கொண்டிருந்தது. டிவி மஞ்சளாக இருந்தது. வண்டியை எடுத்தார். நம் வண்டியில் பின்சக்கரம்தான் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும், கொஞ்சம் ஒடித்தாலே வால் பக்கம் வீசிக்கொண்டு வரும். முதலில் தகர முறம் சக்கரத்தில் மாட்டி நசுங்கியது. அந்தச் சத்தத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார். அந்த முறம் இல்லையென்றால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்திருக்க மாட்டேன்.

பின்னால் போகும்போது வண்டி பீப் பீப் என்று கத்துமே, அது கேட்கவில்லையா என்று பிறகு பலரும் கேட்டார்கள். நான்கு வண்டி நாள் முழுக்கக் கத்துகிற இடத்தில் பதினோரு வருஷம் இருந்தவருக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. நமக்கும் அப்படித்தான்.

ராஜாமணி அலறவில்லை. பாதத்தின் முன்பக்கம் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. உட்கார்ந்தபடி, "ஏனுங்க, ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இப்போதும் சில நாள் எனக்குக் கேட்கும்.

வண்டியை முன்னால் நகர்த்தி, அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கேமராவைத் துடைத்தேன். யோசித்துச் செய்தேனா என்றால் இல்லை, கை தானாகப் போனது. ஆனால் துடைத்த துண்டை நான்காக மடித்து, கறை உள்ளே போகும்படி இடுப்பில் செருகினேன். அது யோசித்துச் செய்ததுதான்.

மருதாசலம் சீட்டை விட்டு இறங்கவில்லை. அந்த டிவியையே வெறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மஞ்சள் விலகியிருக்கும். என் துண்டு தெரிந்திருக்கும், துண்டுக்குப் பின்னால் என் முகம்.

அன்று மாலையே மேலாளர் அறையில் விசாரணை. மேலாளர் பழைய மில் குடும்பத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். எலக்ட்ரீஷியன் வந்து கேமரா சுத்தமாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் பின்னால் பார்க்காமல் எடுத்தீர்களா என்று மேலாளர் மருதாசலத்திடம் கேட்டார். மருதாசலம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்ற தப்புதானுங்க. பார்க்காம எடுத்துப்போட்டேன்."

வேலைக்குச் சேர்த்துவிட்டதற்கு அவர் செய்த நன்றி அது. என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வலித்தும் நான் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகவும், அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்றும் மேலாளர் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தாலே முடிவு என்னவென்று தெரிந்தது. கழுத்து தேய்ந்த, ஒரு பெண்ணின் காலில் வண்டி ஏற்றிய டிரைவரை வேறு எந்த குடோனில் சேர்ப்பார்கள்? மருதாசலம் தன் ஓட்டுநர் அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜாமணியைப் பார்க்கக் கோயமுத்தூருக்குப் போனேன். இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள். பாதம் முழுக்கக் கட்டு. நான் கொண்டுபோன ஆரஞ்சைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, தைப்பூசத்துக்குச் சென்னிமலைப் படி ஏற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டதாகவும், அவர் சிரித்துக்கொண்டே மலைக்கு பஸ் போகிறதே என்று சொன்னதாகவும் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தத் தம்பி என்னையப் பார்த்துட்டேதான் வந்தாப்லங்களா?"

எனக்குப் புரியவில்லை. ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். குனிவதற்கு முன்னால் அவர் வண்டியைப் பார்த்திருக்கிறார். மருதாசலம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்ததையும் பார்த்திருக்கிறார். திரும்பிப் பார்த்தவர் கண்ணில் தான் பட்டிருப்போம் என்ற தைரியத்தில்தான் குனிந்து முறத்தை எடுத்திருக்கிறார். நடந்து போகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு டிரைவர் தெரிகிறார், அதனால் அவருக்கும் நான் தெரிவேன் என்று.

"விரலு போனாப் போவட்டுங்க. ஒரு மனுசன் பார்த்துட்டே மேல ஏத்துவானுங்களா? நான் அவுருக்கு என்ன பண்ணுனேன்னு நெனைச்சு நெனைச்சுத் தூக்கம் வரலீங்க."

அவருக்கு உங்களைத் தெரியவில்லை அம்மணி என்றேன். அவர் தலையை ஆட்டினார். டிரைவரைக் காப்பாற்ற நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு அங்கே வாய் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. மருதாசலம் வேலையை இழக்கப் போகிறார். இந்தப் பெண்ணோ, தன்னை ஒருவர் வேண்டுமென்றே நசுக்கினார் என்ற நினைப்போடு மிச்ச வாழ்நாளை ஓட்டப் போகிறார். இரண்டையும் நிறுத்தக்கூடிய துண்டு என் வீட்டுப் பெட்டியில் மடித்துக் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மேலாளர் அறைக்குப் போய் அந்தத் துண்டை மேசையில் விரித்தேன். சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பொட்டு வைத்தது, துடைக்கட்டுமா என்று மருதாசலம் கேட்டது, வேண்டாம் என்று நான் சொன்னது, அவர் கழுத்து விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது, பிறகு நான் துடைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் துண்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க இதை அன்னிக்கே சொல்லலை?"

"பயந்துபோட்டேனுங்க."

அவர் மருதாசலத்தின் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். என்னைச் சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து இறக்கி, மறுபடி வண்டி ஓட்டச் சொன்னார். அது எனக்கு நியாயமாகவே பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது. சோமனூருக்குப் போய் அட்டையைக் கொடுத்தபோது மருதாசலம் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே வாங்க, காபி குடிச்சுட்டுப் போலாம் என்றார். அவ்வளவுதான். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில நாள், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றும்.

தம்பிகளா, பொட்டு வைப்பதை நாங்கள் விடவில்லை. இப்போதும் வைக்கிறோம், கேமராவுக்கு ஒரு சாண் மேலே, இரும்பில். உங்களிடம் ஒருவர் வந்து தெரியவில்லை என்று சொன்னால், வாசலில் எத்தனை கன்டெய்னர் நின்றாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் கேட்டு, மேலே இருப்பவர் என்னை மாதிரி பதில் சொன்னால், சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கழுத்து வலித்தால் மறைக்காதீர்கள். இன்று மதியம் உங்களோடு சேர்த்து, புதிதாக வந்திருக்கும் கூட்டுபவர்களையும் சுமை ஏற்றுபவர்களையும், ஏன், ஆபீஸ் ஆட்களையும்கூட, வண்டி சீட்டில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பின்னால் பார்க்கச் சொல்வார்கள். வண்டி ஓட்டாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். அந்த வழக்கம் ராஜாமணியிலிருந்து தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். உட்கார்ந்தபடி பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். நான் செய்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், கோபிக்கவும் இல்லை. ஆனால் மருதாசலத்தின் வண்டி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் அவர் கை நின்றுவிடும், முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். மருதாசலமும் அதைப் பார்த்துச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தார். வாயால் சொன்னது அவர் மனதுக்குள் போகவில்லை என்று புரிந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலாளரிடம் கேட்டு அதே வண்டியை அதே இடத்தில் நிறுத்தினேன். வலது தூணில் ஒரு வாழை இலையைக் கட்டினேன். கேமராவில் சந்தனத்தை அப்பினேன். இஞ்சின் அணைந்திருந்தது, டிவி தெரியும் அளவுக்குச் சாவியை மட்டும் திருப்பி வைத்திருந்தோம். ராஜாமணியைக் கைத்தாங்கலாக சீட்டில் ஏற்றினோம். மருதாசலம் வண்டிக்கு இடது பக்கமாகத் தலையைக் குனிந்து நின்றார். நான் பின்னால் போய், ராஜாமணி அன்றைக்கு இருந்த இடத்தில் குனிந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு நேரே வண்டியின் பெரிய இரும்புப் பாளம் மட்டும் இருந்தது. திரும்பிப் பாருங்கள் அம்மணி என்று குரல் கொடுத்தேன்.

"பார்க்கறனுங்க. நீங்க எங்க போயிட்டீங்க?"

"இங்கதானுங்க இருக்கறேன்."

"காணமுங்க."

அவர் இடது பக்கம் பார்த்திருப்பார், டிவியைப் பார்த்திருப்பார், வாழை இலையை விலக்கப் பார்த்திருப்பார். எனக்கு எதுவும் தெரியவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது.

"தம்பி, நீங்க என்னையப் பார்க்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க அக்கா."

மருதாசலம் அழுதுகொண்டே சொன்னார் என்று நினைக்கிறேன். ராஜாமணி இறங்கும் சத்தம் கேட்டது. கம்பு தரையில் தட்டித் தட்டி என்னை நோக்கி வந்தது. அவர் எனக்கு முன்னால் வந்து நின்று, முந்தானை நுனியை விரலில் சுற்றி, அந்தப் பொட்டை மெதுவாக, சந்தனம் துளி மிச்சமில்லாமல் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. எந்திரிங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அதற்குள் மருதாசலம் சீட்டில் ஏறியிருந்தார். முன்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"இப்பத் தெரியறீங்க அக்கா. ரெண்டு பேரும் தெரியறீங்க."